யானைமலை உச்சிக்கு மகளை அழைத்துச் செல்லலாமா?

பெங்களூரில் வசிக்கும் நீங்கள் டிசம்பர் கடைசி வாரத்தில் மதுரைக்கு வருகிறீர்கள். மேலூர் சாலையில் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிற யானைமலையின் உச்சிக்கு உங்கள் பதினொரு வயது மகளோடு ஏற விரும்புகிறீர்கள். அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும், வழிகாட்டி தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருவரும் பெங்களூருக்கு அருகே உள்ள சாவனதுர்கா பாறைமலையில் ஏறி இறங்கியிருப்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும், சாவனதுர்காவையே ஏறிவிட்ட பிள்ளைக்கு இந்தச் சின்ன மலை கடினமாகவா இருக்கப்போகிறது என்பதுதான் கேள்வியின் உட்பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு என் பதில் இதுதான்: உச்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். அதற்காக யானைமலையைப் பயணத்திட்டத்திலிருந்து நீக்கிவிடவும் வேண்டாம். அந்த மலையில் பார்க்க வேண்டியவை எல்லாம் அதன் அடியிலும் இடுப்பிலும்தான் இருக்கின்றன. உச்சியில் ஏறி நிற்க வேண்டும் என்ற ஆசையை மதுரைக்கு மேற்கே உள்ள சமணர் மலையில் தீர்த்துக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் நிலவியல் படித்தவன். அதையே பல ஆண்டுகள் கற்பித்தவன். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு போவது முதலில் பாடத்தின் பகுதியாக இருந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகிவிட்டது. ஆகவே பாறையைப் பற்றியும் அதன் மேல் நடப்பதைப் பற்றியும் நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். கல்வெட்டுகளில் எனக்கு ஆர்வம் உண்டு, முறையான பயிற்சி கிடையாது. அங்கே அறிஞர்கள் படித்துச் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறேன். கயிறு கட்டிப் பாறை ஏறும் கலையில் எனக்குத் தேர்ச்சி இல்லை. முறையான பயிற்சி பெற்றவர்கள் உரிய கருவிகளோடு வந்தால் என்ன செய்யலாம் என்பது வேறு கேள்வி. அதற்குள் நான் போகவில்லை.

முதலில் மலையின் அளவு. நீளம் ஏறத்தாழ மூன்று, நான்கு கிலோமீட்டர். அகலம் ஒரு கிலோமீட்டரை ஒட்டி. இவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உயரத்தில்தான் குழப்பம். 400 மீட்டர் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள்; அது கடல்மட்டத்திலிருந்தா, அடிவாரத்திலிருந்தா என்று சொல்லியிருக்க மாட்டார்கள். மதுரை நகரமே கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே அந்த 400 கடல்மட்டக் கணக்காக இருந்தால், அடிவாரத்தில் நிற்கிற நமக்கு மலையின் உயரம் 270 மீட்டர் அளவுதான் வரும். என் கண்ணுக்கும் காலுக்கும் இந்த இரண்டாவது கணக்கே பொருந்தி வருகிறது. எப்படி வைத்துக்கொண்டாலும் இது சிறிய மலைதான். ஆனால் ஒரு மலை நம்மைச் சோதிப்பது உயரத்தால் மட்டும் இல்லை. சரிவின் வடிவமும் பாறையின் தோலும் உயரத்தைவிட முக்கியமானவை.

யானைமலை கிரானைட் சார்ந்த நைஸ் வகைப் பாறை. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை இது. மதுரைப் பகுதிப் பாறைகள் பெரும்பாலும் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடைசியாக அப்படி வெந்தவை என்பதில் நிலவியலாளர்களிடையே பொதுவான உடன்பாடு உண்டு. உடைந்த முகம் ஒன்றை வெயிலில் பார்த்தால் இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பாரும் கண்ணாடி போன்ற குவார்ட்ஸும் கரிய அபிரகமும் வரிவரியாக ஓடுவது தெரியும். அவ்வளவு ஆழத்தில் அமுங்கிக் கிடந்த பாறை, மேலே இருந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போனதும், மெல்ல விரிந்து, மேற்பரப்புக்கு இணையாக ஏடு ஏடாகப் பிளக்கிறது. வெங்காயத் தோல் உரிவதைப் போன்றது இது. வெயிலின் சூடும் மழையின் நனைப்பும் அதற்குத் துணை. இப்படி உரிந்து உரிந்துதான் அந்த மலைக்கு யானையின் முதுகு போன்ற வழவழப்பான வளைவு வந்தது. படுத்திருக்கும் யானை என்று ஊரார் சொல்வது வெறும் உவமை. ஆனால் அந்த வளைவே ஏறுகிறவருக்கு இடரும் ஆகிறது.

அது எப்படி என்பதை விளக்க வேண்டும். வெளிப்புறமாகப் புடைத்த வளைவில் மேலே போகப் போகச் சரிவு குறைந்துகொண்டே வரும். ஆகவே ஏறுகிறவருக்கு ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிட எளிதாகத் தெரியும். இவ்வளவுதானா என்ற துணிச்சலும் கூடிக்கொண்டே போகும். இறங்கும்போது இது அப்படியே தலைகீழாகிறது. ஒவ்வொரு அடியும் முந்தையதைவிடச் செங்குத்தாகும். அதோடு, கீழே உள்ள பகுதியை வளைவு மறைத்துவிடுவதால், அடுத்த முப்பது அடியில் பாறை எப்படி இருக்கிறது என்றே தெரியாது. காலுக்குக் கீழே பாறை முடிந்து வயலும் தென்னையும் நேராகக் கண்ணில் படும். ஏறிய வழியிலிருந்து பத்தடி விலகி இறங்கினாலும் வேறொரு மலையில் இறங்குவது போலத்தான். படிக்கட்டோ பாதையோ மரமோ புதரோ இல்லாத மொட்டைப் பாறையில், ஏறிய வழியை அடையாளம் வைத்துக்கொள்வதற்கும் எதுவும் இராது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலையில் மாணவர்கள் இருவரோடு நரசிங்கம் பக்கத்திலிருந்து மலையின் தோள்பட்டை வரை ஏறினேன். ஏற முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இறங்கும்போது, வந்த வழி என்று நினைத்து இடப்பக்கம் சற்றுத் தள்ளி இறங்கிவிட்டோம். முன்னால் போன மாணவர் நல்ல கபடி ஆட்டக்காரர்; உடல் வலுவிலோ தைரியத்திலோ குறையே இல்லாதவர். ஓரிடத்தில் அவர் கால் வைத்ததும், வெற்றுப் பானையைத் தட்டியது போல ஓர் ஒலி எழுந்தது. அடிப்பாறையை விட்டுப் பிரிந்து சும்மா உட்கார்ந்திருக்கும் ஏடு அது. காலை வெடுக்கென்று எடுத்துப் பக்கத்தில் வைத்தார்; அங்கே மழைநீர் வழிந்து வழிந்து கறுத்த தடம். உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரால் மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. உள்ளங்கை வியர்த்து, ஊன்றிய கை வழுக்க ஆரம்பித்தது. எனக்கும் அவருக்கும் இடையே பன்னிரண்டு அடிதான் இருந்திருக்கும். என்னால் அந்தப் பன்னிரண்டு அடியைக் கடக்க முடியவில்லை. கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டுக் கத்தினார். பிறகு அவரே வெறுங்காலோடு ஏறி வந்தார். மாணவரின் கையைப் பிடிக்கவே இல்லை. "செருப்பக் கழட்டு தம்பி. பாறையப் பாத்துத் திரும்பு. கீழ பாக்காத, என் காலு எங்க வைக்கிதுன்னு பாரு" என்றார். அப்படியே குறுக்காக நகர்த்தி, புல் முளைத்திருந்த ஒரு வெடிப்பு வழியாக எங்கள் மூவரையும் இறக்கிவிட்டார். இருநூறு அடி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்றிலிருந்து நான் யாரையும் அந்த மேற்பகுதிக்கு அழைத்துச் சென்றதில்லை.

சாவனதுர்காவோடு நீங்கள் ஒப்பிடுவது இயல்புதான். அதுவும் மொட்டைப் பாறை, உயரமும் மிக அதிகம். ஆனால் அங்கே வனத்துறை நுழைவுச்சீட்டு கொடுத்து அனுப்புகிறது. வழி நெடுகப் பாறை மேல் அம்புக்குறிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. வார இறுதிகளில் முன்னும் பின்னும் ஆட்கள் இருப்பார்கள். பல்லாண்டுகளாக மக்கள் நடந்து நடந்து, எந்தச் சரிவில் கால் நிற்கும் என்று தேர்ந்தெடுத்த வழி அது. யானைமலையின் மேற்பகுதியில் அப்படிக் குறிக்கப்பட்ட வழி இல்லை. உங்கள் மகள் சாவனதுர்காவில் காட்டிய திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அங்கே அவளுக்காக வேறு யாரோ செய்து வைத்திருந்த வேலையை இங்கே நீங்களே செய்ய வேண்டியிருக்கும் என்றுதான் சொல்கிறேன். தெரியாத பாறையில், ஒரு குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. உள்ளூர் இளைஞர் யாரேனும் கூட்டிப் போகிறேன் என்று சொல்லக்கூடும். அவருக்கு வழி தெரிந்திருக்கலாம். ஆனால் உங்களில் ஒருவருக்குக் கால் வழுக்கினால் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு எதுவும் அவரிடம் இருக்காது.

இனி, யானைமலையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகும் சாலையில் ஒத்தக்கடைக்கு நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. அங்கிருந்து நரசிங்கம் என்ற சிற்றூருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவில் போகலாம், ஆனால் நடந்தே போங்கள் என்பேன். மலை வலப்பக்கம், இடப்பக்கம் என்று மாறாமல் கூடவே வரும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று பார்த்தால் யானை உருவம் கலைந்து வெறும் பாறையாகும். பிறகு வேறொரு கோணத்தில் மறுபடி கூடும். சுவரில் மழைநீர் வழிந்த தடங்கள் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகளாக இறங்குவதை மகளுக்குக் காட்டுங்கள். நீர் ஓடும் இடத்தில் மட்டும் நுண்ணுயிர்களும் பாசியும் வாழ்ந்து காய்ந்து அந்தக் கறுப்பைப் பூசுகின்றன. மழை பெய்தால் மலையின் எந்த இடத்தில் அருவி விழும் என்பதை வெயில் நாளிலேயே சொல்லிவிடலாம்.

நரசிங்கத்தில் குடைவரைகள், அதாவது பாறையைக் குடைந்து அமைத்த கோயில்கள், இரண்டு உள்ளன. பெரியது யோக நரசிங்கப் பெருமாள் கோயில். இன்றும் வழிபாட்டில் இருப்பது. அங்குள்ள கல்வெட்டுகள் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சராக இருந்த மாறன் காரி என்பவர் இந்தக் குடைவரையைக் குடைவித்தார். கிரந்த எழுத்திலுள்ள வடமொழிக் கல்வெட்டு கலியாண்டு 3871 என்று குறிக்கிறது, அதாவது கி.பி. 770 அளவில். பாண்டியர் காலத்தில் ஆண்டு இவ்வளவு துல்லியமாகத் தெரிகிற குடைவரைகள் மிகக் குறைவு. வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறையிலுள்ள தமிழ்க் கல்வெட்டோ ஒரு குடும்பக் கதையையே சொல்கிறது. இந்தக் கற்கோயிலைச் செய்த மாறன் காரி, நீர் தெளித்துத் திருநிலைப்படுத்துவதற்கு முன்பே இறந்துபோனார். அவருக்குப் பின் அமைச்சர் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தையும் செய்து நீர் தெளித்தார். அண்ணன் விட்டதைத் தம்பி முடித்த செய்தி, ஆயிரத்து இருநூற்று ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கல்லில் இருக்கிறது. கோயில் நடை காலையில் திறந்து நண்பகலில் சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

மற்றது லாடன் கோயில் என்று ஊரார் சொல்லும் சிறிய முருகன் குடைவரை. கருவறையில் முருகனும் அவன் தேவியும் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். கூட்டம் இராது, பல நேரம் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். இது எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பொதுவான கருத்து. நரசிங்கப் பெருமாள் கோயிலுக்கு இருப்பது போன்ற ஆண்டுக் குறிப்பு இதற்கு இல்லாததால், அதே உறுதியோடு சொல்ல முடியாது.

அடுத்து மலைமேல் ஏறும் பகுதி. உங்கள் மகளின் கால்களுக்கு வேலை தரும் பகுதி இதுவே. சமணத் துறவியர் தங்கிய குகைத்தளமும் சிற்பங்களும் மலைச்சரிவில் இருக்கின்றன. அவசரமில்லாமல் ஏறி, அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து, இறங்கி வர ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். பெரிய பாறையொன்றின் நெற்றியில் சமணரின் குருமார்களான தீர்த்தங்கரர்களும், காலில் கொடி சுற்றி நிற்கும் சமண முனிவர் பாகுபலியும், காவல் தெய்வமான இயக்கி அம்பிகையும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. உருவங்களின் மேல் சுதை பூசி வண்ணம் தீட்டியிருந்ததன் தடயம் சில இடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்ணால் மட்டும் தேடுங்கள், கை படக்கூடாது. சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர்களின் பெயர்களும் அவற்றைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்களின் பெயர்களும் உள்ளன. அச்சணந்தி என்ற துறவியின் பெயரையும் இங்கே காணலாம். பாண்டிய நாட்டின் வேறு பல சமணக் குன்றுகளிலும் வருகிற பெயர் அது.

இவற்றுக்கெல்லாம் முந்தையது குகைத்தளத்தில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு. இக்குன்றத்தில் உறைந்த துறவியர் இருவரின் பெயர்களை அது தருகிறது என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வாசிப்பு. அதன் காலத்தைப் பொதுவாகக் கி.மு. முதலாம் நூற்றாண்டு அளவில் வைக்கிறார்கள். எழுத்தின் வடிவத்தைக் கொண்டு கணிக்கும் காலம் என்பதால் ஒரு நூற்றாண்டு முன்பின்னாகச் சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும் ஈராயிரம் ஆண்டுகளை ஒட்டிய எழுத்து. திருஞானசம்பந்தர் தம் தேவாரத்தில் சமணர் வாழ்ந்த இடங்களைச் சொல்லும்போது "ஆனைமாமலை ஆதியாய இடங்களில்" என்று இந்த மலையைத்தான் முதலில் வைக்கிறார். சமணர் ஏவிய யானையைச் சோமசுந்தரர் அம்பெய்து வீழ்த்த, அதுவே மலையாகிவிட்டது என்பது திருவிளையாடல் புராணம் சொல்லும் கதை. நாகமலைக்கும் பசுமலைக்கும் இதே போன்ற கதைகள் உண்டு. இவற்றை வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் இக்குன்றுகள் ஒரு காலத்தில் யார் கையில் இருந்தன என்ற நினைவு அக்கதைகளுக்குள் தங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

பருவத்தையும் பாதுகாப்பையும் பற்றி. நீங்கள் வரும் மார்கழி நல்ல காலம். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் இக்குன்றுகளில் பகலில் நடக்க முடியும். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கே பாறை கொதிக்கத் தொடங்கும். பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மார்கழியில் வேறொரு கவனம் தேவை. விடியற்காலைப் பனி பாறை மேல் படிந்து, கண்ணுக்குத் தெரியாத ஈரமாக இருக்கும். படி இல்லாத பாறையில் கால் வைப்பதாக இருந்தால், வெயில் பட்டு அந்த ஈரம் காயும்வரை, ஏறத்தாழ எட்டு மணி வரை, பொறுத்திருங்கள். அதற்குள் கீழே கோயில்களைப் பார்த்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை சில ஆண்டுகளில் டிசம்பர் இறுதி வரை நீளும். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் சிற்பங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடி இடிக்கும் அறிகுறி இருந்தால் மொட்டைப் பாறையில் ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம். தட்டையான, மென்மையான ரப்பர் அடி கொண்ட காலணி போதும். கனத்த மலையேற்றப் பூட்ஸைவிட அதுதான் பாறையைப் பற்றும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். மேலே எதுவும் கிடைக்காது.

பலரும் நினைத்துப் பார்க்காத இடர் தேனீக்கள். வெளியே நீட்டிய பாறை விளிம்புகளின் அடியில் மலைத்தேனீக்கள் பெரிய அடைகளைத் தொங்கவிட்டிருக்கும். தொலைவிலிருந்து பார்த்தால் பாறையில் கருந்திட்டு போலத் தெரியும். அதன் கீழே சத்தம் போடுவது, புகை மூட்டுவது, கல்லெறிவது எதுவும் கூடாது. அழுத்தமான வாசனைத் திரவியத்தையும் அன்று தவிர்த்துவிடுங்கள். பாறை இடுக்குகளிலும் சருகுக் குவியலிலும் கை விட வேண்டாம். சுருட்டை விரியன் என்ற நச்சுப் பாம்பு, தன் நிறத்தால் பாறையோடு பாறையாகக் கிடக்கும். குரங்குகளிடம் உணவுப் பொட்டலத்தைக் காட்டாமல் இருந்தாலே பெரும்பாலும் தொந்தரவு இராது. வெயில் ஏறியதும் பாறை ஓணான்கள் வெளியே வந்து குளிர்காயும். அசையாமல் உட்கார்ந்திருந்தால், தலையை மேலும் கீழும் ஆட்டி ஒன்றையொன்று எச்சரிப்பதை மகள் அருகிலிருந்தே பார்க்கலாம்.

மேலே போகக்கூடாது என்று நான் சொல்வதற்குப் பாதுகாப்பைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. இது கோயிலும் தொல்லியல் சின்னங்களும் உள்ள மலை. கீழே வாழும் மக்கள் இதைத் தங்கள் தெய்வமாகவே பார்க்கிறார்கள். இந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கும் அரசுத் திட்டம் ஒன்று 2010 வாக்கில் பேசப்பட்டபோது, சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் திரண்டு எதிர்த்தார்கள்; திட்டம் கைவிடப்பட்டது. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக வெட்டப்பட்டு, இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளமாகிப்போன குன்றுகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே இங்குள்ளவர்களுக்கு வெளியாட்கள் மலைமேல் ஏறுவதைக் கண்டால் ஏற்படும் சந்தேகம் நியாயமானது. எந்தப் பகுதிவரை போகலாம் என்ற நடைமுறை காலத்துக்குக் காலம் மாறக்கூடியது. கோயில் பணியாளரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ அன்று காலையே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

உங்களுக்கு இன்னொரு நாள் இருந்தால், அரிட்டாபட்டியைச் சொல்வேன். மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறு இனப் பறவைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் தேடி வரும் இடம். குன்றுகளும் குளங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அங்கே ஒரே பார்வையில் புரிந்துகொள்ளலாம்: பாறையில் விழும் மழை முழுவதும் வழிந்து கண்மாய்க்கு வருகிறது, கண்மாய் வயலுக்குப் போகிறது. ஆனால் பறவை பார்க்கும் பொறுமை உங்கள் மகளுக்கு உண்டா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உச்சியில் நிற்க வேண்டும் என்ற விருப்பத்துக்கு நான் பரிந்துரைப்பது கீழக்குயில்குடி சமணர் மலையை. தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கமாகத் திரும்ப வேண்டும். அடிவாரத்தில் தாமரைக்குளமும், ஆலமர நிழலும், அய்யனார் கோயிலும் உள்ளன. முதலில் மலையின் தென்மேற்குப் பக்கமுள்ள செட்டிப்புடவுக்குப் போய்விடுங்கள். குகை வாயிலில் பெரிய தீர்த்தங்கரர் உருவம் அமர்ந்திருக்கிறது. உள்ளே, வளைந்த கூரையை ஒட்டிய வரிசையில், சிங்கத்தின் மேல் அமர்ந்து, யானை மேல் வரும் வீரனோடு போரிடும் பெண் தெய்வம் ஒன்று உண்டு. சின்ன உருவம்தான், ஆனால் சிங்கத்தின் பாய்ச்சலும் யானையின் திகைப்பும் அவ்வளவு உயிர்ப்போடு இருக்கும். பிறகு கோயில் பக்கம் திரும்பிப் படியேறினால் பேச்சிப்பள்ளம் வரும். அங்கே ஊற்றுச்சுனைக்கு மேலே எட்டுச் சிற்பங்கள் வரிசையாக உள்ளன. கைப்பிடிக் கம்பியும் படியும் இருப்பதால் குழந்தைகள் நிம்மதியாக ஏறலாம்.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே படி முடிந்து பாறை தொடங்குகிறது. சரிவு மென்மையானது, போகிற வழியும் திரும்பும் வழியும் கண்ணுக்கு முன்னால் தெளிவாகத் தெரியும், யானைமலைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். சிறிது தூரத்தில் மாதேவிப் பெரும்பள்ளி என்ற ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணப் பள்ளியின், அதாவது துறவியர் உறைவிடத்தின், அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்னும் மேலே போனால் தீபத்தூண். அங்கே நின்றால் ஒரு பக்கம் நாகமலை நீண்டு கிடப்பதும், எதிர்ப்பக்கம் வானம் தெளிவாக இருந்தால் நகரத்துக்கு அப்பால் யானைமலை படுத்திருப்பதும் தெரியும். உச்சியிலிருந்து யானையை யானையாகப் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்துதான் பார்க்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு ஏறத் தொடங்கி, ஐந்தரைக்குள் படிக்கட்டுக்குத் திரும்பிவிடுங்கள். டிசம்பரில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும், அதன் பிறகு பாறையில் மேடு பள்ளம் தெரியாது.

அந்தத் தீபத்தூணுக்கு அருகே பாறைத் தரையில் கன்னட மொழியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கர்நாடகத்தின் சமணத் தலமான சிரவணபெளகொளாவோடு தொடர்புடைய சமணத் துறவியரின் பெயர்களை அது குறிப்பதாகப் படித்திருக்கிறார்கள். உங்கள் மகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறாள் என்றால், அதன் எதிரே உட்கார வைத்து, தனக்குத் தெரிந்த எழுத்து எதுவும் அதில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பழைய எழுத்து வடிவம் என்பதால் எல்லாம் பிடிபடாது. பொறுமையாகப் பார்த்தால் ஒன்றிரண்டாவது கிடைக்கும். சாய்ந்த வெயிலில்தான் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து வரிகள் எடுப்பாகத் தெரியும். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோய், பார்த்ததைப் பார்த்தபடி அவள் வரையட்டும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கல்லின் மேல் சாக்பீஸோ விபூதியோ தடவ மட்டும் விடாதீர்கள்.